வேலையை விடும் முன்: வீட்டுக்கும் ஊருக்கும் நாள் குறிப்பது எப்படி?

கேள்வி: எனக்கு வயது 46. சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் 22 ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். நியூயார்க் வாடிக்கையாளருடன் தினமும் இரவு 8.30 மணிக்குக் கூட்டம் தொடங்குவதால், பிளஸ் ஒன் படிக்கும் மகளுடன் பேசவே முடிவதில்லை. கும்பகோணம் அருகே கிராமத்தில் தனியாக இருக்கும் அம்மாவைப் பார்த்து ஐந்து மாதமாகிறது. ஊர்க் குளத்தைத் தூர்வாரும் முயற்சிக்கும் என்னை அழைக்கிறார்கள். வேலையை விட்டுவிடலாமா?

பதில்: சோர்வு உச்சத்தில் இருக்கும்போது ராஜினாமாக் கடிதம் எழுத வேண்டாம் என்றுதான் நான் யாருக்கும் சொல்வேன். ஐந்து ஆண்டு தொடர்பணி முடிந்தபோதே பணிக்கொடை (கிராஜுவிட்டி) உங்கள் உரிமையாகிவிட்டது. ஆறு மாதம் கழித்து விலகினாலும் அது கைவிட்டுப் போகாது. அந்த ஆறு மாதத்தில் கீழே சொல்பவற்றைச் செய்து பாருங்கள்.

முதலில் அந்த 8.30 மணிக் கூட்டம். குளிர்காலத்தில் நமக்கும் நியூயார்க்குக்கும் பத்தரை மணி நேர வித்தியாசம் இருப்பதால், அங்கே அப்போது காலை 10 மணி. வாரத்தில் மூன்று நாளாவது அவர்கள் 8 மணிக்கு வர இசைந்தால், உங்களுக்கு மாலை 6.30 மணிக்குத் தொடங்கிவிடும். மார்ச்சில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்திய பிறகு அதுவே 5.30 ஆகிவிடும். இதைத் தயங்கித் தயங்கிச் சலுகை கேட்பதுபோல் கேட்காதீர்கள். மற்ற இரண்டு நாள் உங்களுக்கு அடுத்த நிலையில் இருப்பவர் கூட்டத்தை நடத்துவார் என்பதையும் சேர்த்தே, எழுத்தில், மேலாளருக்கு அனுப்புங்கள். இருபது ஆண்டு அனுபவமுள்ளவர்கள் பலர் தாங்கள் இல்லாமல் எதுவும் நகராது என்று நம்பியே மாலைகளை இழக்கிறார்கள்.

பதினாறு வயதுப் பெண் நாள் முழுவதும் அப்பா அருகில் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில்லை. தோசைக்கல் அடுப்பில் இருக்கும் அந்த அரைமணி நேரம், கைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்காமல் அவள் சொல்வதைக் கேளுங்கள். முதல் வாரம் அவள் ஒன்றும் பேசாமல் போகலாம், அதற்காக நிறுத்திவிடாதீர்கள்.

சேர்ந்திருக்கும் ஈட்டிய விடுப்பை, பணியில் இருக்கும்போதே பணமாக மாற்றாதீர்கள். அந்தத் தொகை முழுவதற்கும் வருமான வரி உண்டு; ஓய்வு பெறும்போதோ விலகும்போதோ பெற்றால்தான், தனியார் ஊழியருக்கு நிபந்தனைகளுக்கு உட்பட்டு 25 லட்சம் ரூபாய் வரை விலக்குக் கிடைக்கும். அதைவிட, மாதம் ஒரு வெள்ளிக்கிழமை விடுப்பெடுத்து வியாழன் இரவே ஊருக்குக் கிளம்புவது மேல். ஆறு மாதத்துக்கான பயணச்சீட்டுகளையும், முன்பதிவு திறக்கத் திறக்க, எடுத்து வைத்துவிடுங்கள். "வேலை குறைந்ததும் வருகிறேன்" என்ற சொல்லை அம்மா எத்தனை முறை கேட்டிருப்பார் என்று உங்களுக்கே தெரியும்.

ஊர்ப் பணியைத் தனிச் சுமையாக நினைக்க வேண்டாம், அதே பயணத்தோடு இணைத்துவிடலாம். தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது. அவற்றில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும் உங்கள் அலுவலகத்துக்கும் விடுமுறை நாட்கள். மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய மற்ற இரண்டுக்கும் தேவையென்றால் விடுப்பெடுக்கலாம். அதற்கு முன், அந்தக் குளம் ஊராட்சியுடையதா, நீர்வளத் துறையுடையதா, அறநிலையத் துறைக்கு உட்பட்ட கோயிலுடையதா என்று தெரிந்தாக வேண்டும். அது தெரியாமல் இயந்திரத்தை இறக்கினால் நல்ல நோக்கமும் வழக்கில் முடியும். குளத்தின் புல எண்ணை (சர்வே எண்) கேட்டு வாங்கி, வருவாய்த் துறையின் இணையச் சேவையில், நிலம் யாருடையது என்று காட்டும் 'அ' பதிவேட்டைப் பார்ப்பதிலிருந்து தொடங்குங்கள். சென்னையில் இருந்தபடியே ஒரு ஞாயிறு காலையில் முடிகிற வேலை இது. உங்கள் வாக்கு சென்னையில் இருந்தால் நீங்கள் அந்தச் சபையின் உறுப்பினர் அல்ல, ஆனால் அம்மா உறுப்பினர். தூர்வாரக் கோரும் மனுவை நீங்கள் எழுதுங்கள். அவர் கையெழுத்திட்டுச் சபையில் கொடுக்கட்டும், நீங்கள் அவரைக் கைப்பிடித்து அழைத்துப் போங்கள்.