ஞானப்பல் முளைக்கிறதா, சீழ் பிடித்திருக்கிறதா?

ஞானப்பல் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொள்கிறேன். ரூட் கேனால், கிளிப் கேள்விகள் அனுப்பியவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயது 22. கீழே கடைசிப் பல் பக்கம் ஈறு வலிக்கிறது. முளைக்கிற வலியா, இன்ஃபெக்‌ஷனா, எப்படித் தெரிந்துகொள்வது?

வெறுமனே முளைக்கிற வலி என்றால் மந்தமாக இரண்டு மூன்று நாள் இருந்துவிட்டு அடங்கிவிடும், சாப்பிடப் பேசத் தடை இருக்காது. ஞானப்பல் பெரும்பாலும் 17லிருந்து 25 வயதுக்குள் எட்டிப்பார்க்கும். பல பேருக்கு அதற்குள் தாடையில் இடம் தீர்ந்துவிட்டிருக்கும் என்பதால், பாதி வெளியே வந்து நின்றுவிடும். மீதிப் பாதியின் மேல் ஈறு மூடி மாதிரி கிடக்கும். அந்த மூடிக்கு அடியில் சோற்றுப் பருக்கை, கீரை, முருங்கைக்காய் நார் எல்லாம் போய் ஒளிந்துகொள்ளும், பிரஷ் மட்டும் போகாது. தொல்லை தொடங்குவது அங்கேதான். பெரிகொரோனைட்டிஸ் என்று சீட்டில் எழுதுவோம்.

கண்ணாடி முன் நின்று செல்போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள். ஈறு சிவந்து, உப்பி, பளபளவென்று இருக்கிறதா? கையை நன்றாகக் கழுவிக்கொண்டு லேசாகத் தொட்டால் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ ஏதாவது கசிகிறதா? கசிந்தால் அது சீழ்தான். வாயில் ஒரு கெட்ட சுவை, பல் தேய்த்தாலும் போகாத நாற்றம், தாடைக்கு அடியில் நெறி கட்டுவது, காய்ச்சல், இவையும் இதோடு சேர்ந்தவை.

நான் முதலில் பார்ப்பது இன்னொன்று. ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் சேர்த்து, ஒன்றின் மேல் ஒன்றாக முன்பற்களுக்கு நடுவில் வைத்துப் பாருங்கள். உங்கள் விரல்தான், வீட்டுக்காரர் விரல் கணக்கில் வராது. பெரும்பாலானவர்களுக்கு மூன்றும் போகும். நேற்றுவரை போய் இன்றைக்கு இரண்டுதான் போகிறது என்றால், வீக்கம் மெல்லும் தசையைத் தொட ஆரம்பித்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். வலி கம்மியாக இருந்தாலும் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

சீழ் தானாக உடைந்து வந்துவிட்டது, வலியும் போய்விட்டது. இனி டாக்டர் எதற்கு?

உள்ளே இருந்த அழுத்தம் குறைந்தது, அதனால் வலி குறைந்தது, அவ்வளவுதான். அந்த மூடி அப்படியேதான் இருக்கிறது. அடுத்த தடவை சரியாக உங்கள் பரீட்சை நேரத்திலோ வீட்டுக் கல்யாணத்திலோ கிளம்பும். வலி இல்லாத நாளில் பல்லைப் பார்க்க வருபவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், ஆனால் எங்களுக்கு அதுதான் வேலை பார்க்க நல்ல நாள்.

காது குடைகிறது. காது டாக்டர் காதில் ஒன்றுமில்லை என்கிறார்.

கீழ்ப்பற்களுக்குப் போகிற அதே நரம்பின் ஒரு கிளை காதுப் பக்கமும் போகிறது, அதனால் மூளைக்கு இடம் குழம்பிவிடும். கடைசிப் பல்லைக் காட்டுங்கள்.

கிராம்புத் தைலம் வைக்கலாமா? அம்மா கன்னத்தில் சூடாக ஒத்தடம் கொடுக்கச் சொல்கிறார்.

கிராம்பு மரத்துப்போக வைக்கும், உண்மைதான். ஆனால் தைலத்தை அப்படியே ஊற்றினால் ஈறு வெந்துவிடும். ஆஸ்பிரின் மாத்திரையை ஈறில் அடக்கிக்கொண்டு, அந்த இடம் வெள்ளையாக வெந்துபோய் வருபவர்களும் உண்டு. மாத்திரையை விழுங்கத்தான் வேண்டும். சூட்டு ஒத்தடம் வேண்டாம், வெளியிலிருந்து துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பைக் கரைத்து, தலையை வலிக்கிற பக்கம் சாய்த்து, நாளைக்கு நாலைந்து தடவை கொப்பளியுங்கள். டாக்டரைப் பார்க்கும்வரை தாக்குப்பிடிக்க இது போதும்.

போன வருஷம் எழுதிக்கொடுத்த அதே ஆன்டிபயாடிக்கை மெடிக்கலில் வாங்கிப் போட்டுக்கொண்டேன், சரிதானே?

சரியில்லை. மூடிக்கு அடியில் சிக்கின பருக்கையை எந்த மாத்திரையும் வெளியே எடுக்காது, அதைக் கழுவித்தான் எடுக்க வேண்டும். காய்ச்சல், பரவுகிற வீக்கம், வாய் திறக்க முடியாமை இருந்தால்தான் பொதுவாக ஆன்டிபயாடிக் எழுதுவோம். மெட்ரோனிடசோல் எழுதிக்கொடுத்திருந்தால், மாத்திரை முடிகிறவரையும், முடிந்தபின் இரண்டு மூன்று நாளும் குடி கூடாது. இதைச் சொன்னதும் சில பேர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டுமே.

எந்த நிலையில் ராத்திரி என்றும் பார்க்காமல் ஓட வேண்டும்?

வீக்கம் தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் பரவிக் கட்டை மாதிரி இறுகுவது, நாக்கு மேலே தூக்கிக்கொள்வது, எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வடிவது, வாயில் சுடுசோறு வைத்துக்கொண்டு பேசுவதுபோல் குரல் மாறுவது, மூச்சு முட்டுவது. இதில் ஒன்று இருந்தாலும் பல் கிளினிக் திறக்கக் காத்திருக்காமல் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள், படுக்க வைக்காமல் உட்கார்ந்தபடியே கூட்டிப் போகச் சொல்லுங்கள். லுட்விக் ஆஞ்சைனா என்று இதற்குப் பெயர், 1836இல் ஒரு ஜெர்மன் மருத்துவர் விவரித்தது. மூச்சுக்குழாயை அடைத்துவிடும் என்பதுதான் இதில் பயம். சர்க்கரை நோய் கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்குத் தொற்று வேகமாகப் பரவும், அவர்கள் இந்த அளவுக்கு விடவே கூடாது.

ஞானப்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போகும் என்கிறார் மாமியார்.

போகாது. பார்வை நரம்பு வேறு, பல்லுக்கு வரும் நரம்பு வேறு. நீங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டியது, கீழ்ப்பல்லின் வேர் தாடைக்குள் ஓடும் நரம்புக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதை. ரொம்ப நெருக்கமாக இருந்தால் எடுத்தபின் கீழுதடு கொஞ்ச நாள் மரத்துப்போகலாம், அபூர்வமாக நிரந்தரமாகவும். அதற்குத்தான் முழுத் தாடை எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறோம். படம் வந்ததும் மாமியாரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், கோடு எங்கே போகிறது என்று காட்டுகிறேன்.