கண்ணில் பூ விழுந்த கன்று: சொட்டு மருந்தும் ஒரு துண்டு ஜீன்ஸ் துணியும்

கேள்வி: ஐயா வணக்கம். என்னிடம் ஒன்பது உருப்படி இருக்கிறது. கறவை நான்கு, சினைக் கிடாரி ஒன்று, கன்றுகள் நான்கு. பத்து நாளைக்கு முன்னால் ஏழு மாதக் கிடாரிக் கன்றுக்கு வலது கண்ணில் தண்ணீர் வடிந்தது. தூசி விழுந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் கருவிழி நடுவில் மிளகு அளவுக்கு வெள்ளையாகப் பூ விழுந்தது. மாட்டுக்கு மெட்ராஸ் ஐ என்று சொல்லிக் கடையில் ஒரு சொட்டு மருந்து கொடுத்தார்கள். இரண்டு நாளில் சிவப்பு குறைந்தது. ஆனால் இப்போது கண் முழுக்க நீலம் பாய்ந்து, நடுவில் பள்ளம் மாதிரித் தெரிகிறது. நேற்றிலிருந்து இன்னொரு கன்றுக்கும் ஒரு கண்ணில் நீர் வடிகிறது. எந்தச் சொட்டு மருந்து நல்லது? பூ கரையுமா? பார்வை திரும்புமா? பயமாக இருக்கிறது.

பதில்: முதலில் அந்தப் பாட்டிலை எடுத்து, பொடி எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று வெளிச்சத்தில் பிடித்துப் படியுங்கள். டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன், ஹைட்ரோகார்ட்டிசோன் என்று ஏதாவது ஒன்று இருந்தால் இந்த நிமிடமே நிறுத்துங்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். இரண்டு நாளில் சிவப்பு வடிந்து கண் தேறுவது மாதிரித் தெரிவதும், அப்புறம் நடுவில் குழி விழுவதும் புண்ணில் ஸ்டீராய்டு விட்டால் நடக்கிற கதைதான்; மேலே சொன்ன நான்கும் ஸ்டீராய்டுதான்.

எந்த மருந்து நல்லது என்பதற்குப் பிறகு வருகிறேன். அந்தப் பள்ளம்தான் என்னை உறுத்துகிறது. கருவிழிக்கு மேலே கண்ணாடி மாதிரி இருக்கிற படலம், கார்னியா, ஒன்று ஒன்றரை மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். குழியின் அடியில் கறுப்பாகவோ பளிச்சென்றோ தெரிந்தாலும், நடுப்பகுதி கூம்பு மாதிரி முன்னால் தள்ளிக்கொண்டு வந்தாலும், உள்ளே இருப்பதை ஒரு மெல்லிய சவ்வுதான் தாங்கிக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம். அந்த நிலையில் கன்றை மல்லுக்கட்டிப் பிடித்து இமையைப் பிதுக்கினால் உங்கள் கையிலேயே கண் உடைந்துவிடும். அதனால் மூத்த கன்றை நீங்கள் நோண்ட வேண்டாம். இருட்டான இடத்தில் கட்டிவிட்டு இன்றைக்கே கால்நடை மருத்துவரை வரவழையுங்கள். தேவைப்பட்டால் அவர் மூன்றாம் இமையையோ (கண்ணின் உள்மூலையிலிருந்து வரும் சவ்வு) மேல் கீழ் இமைகளையோ சேர்த்துத் தையல் போட்டு, இரண்டு மூன்று வாரம் கண்ணை மூடியே வைப்பார். பார்க்கக் கோரமாக இருந்தாலும் அது கண்ணைக் காப்பாற்றுகிற வேலை.

இது மனிதனுக்கு வரும் மெட்ராஸ் ஐ இல்லை. அது பெரும்பாலும் வைரஸ், தானாக வந்து தானாகப் போகும். மாட்டுக்கு வருவது மொராக்செல்லா போவிஸ் என்ற பாக்டீரியாவால். அது கார்னியாவில் ஒட்டிக்கொண்டு, மேல்தோல் செல்களைக் கொல்லும் ஒரு நச்சை விடுகிறது. அதனால்தான் கண் சிவப்பதோடு நிற்காமல் புண் விழுகிறது, அதுவும் பெரும்பாலும் நட்டநடுவில். பூ என்று நீங்கள் சொல்வது அந்தப் புண்ணைத்தான்.

இப்போது அந்தச் சிவப்பைப் பற்றி. கார்னியாவுக்குச் சொந்தமாக ரத்தக்குழாய் கிடையாது. புண் விழுந்து சில நாள் கழித்து, வெள்ளைவிழி ஓரத்திலிருந்து பொடிப்பொடி ரத்தக்குழாய்கள் வேர் விடுவது மாதிரி நடுவை நோக்கி ஊர்ந்து வரும், ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வேகத்தில். புண்ணை அடைக்கச் சரக்கு கொண்டுவரும் வண்டிகள் அவைதான். கண் ரோஜா நிறத்தில் பயங்கரமாகத் தெரிகிற அந்த நாட்களில்தான் உள்ளே வேலை மும்முரமாக நடக்கிறது. ஸ்டீராய்டு அந்த வண்டிகளைப் பாதி வழியில் நிறுத்திவிடும். சிவப்பு குறைந்ததும் உங்களுக்குச் சந்தோஷம், கடைக்காரருக்குப் பெருமை, புண்ணுக்குக் கொண்டாட்டம். ஆரம்ப காலத்தில் நானும் ஒரு காளைக் கன்றுக்கு ஆன்டிபயாட்டிக்கும் ஸ்டீராய்டும் கலந்த மருந்தை விட்டேன். நான்காம் நாள் கண் தெளிந்துவிட்டது என்று வீட்டுக்காரர் சொல்லி அனுப்பினார். ஏழாம் நாள் போய்ப் பார்த்தால், குழி வழியாகக் கருவிழித் திசு ஒரு கறுப்பு மணி மாதிரி வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கண் போய்விட்டது. அன்றிலிருந்து புண் இல்லை என்று சாயம் விட்டுப் பார்த்து உறுதி செய்யாமல் ஸ்டீராய்டைக் கண் பக்கம் கொண்டுபோவதில்லை. ஃப்ளூரசீன் என்று ஒரு காகிதப் பட்டை இருக்கிறது. அதன் நுனியை நனைத்து இமைக்குள் தொட்டால் போதும், புண் இருக்கிற இடம் மட்டும் பச்சையாகப் பளபளக்கும். ஒரு நிமிட வேலை. இதைக்கூடச் செய்யாமல், மாட்டையே பார்க்காமல், 'கண்ணுக்கு ஒரு மருந்து குடுங்க' என்றதும் அலமாரியிலிருந்து கலவை மருந்தை எடுத்து நீட்டுகிறவர்களைப் பற்றி நான் நல்லதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சீக்கிரம் சிவப்பு குறைகிற மருந்துதான் சீக்கிரம் விற்கும்.

இரண்டாவது கன்றுக்கு வருகிறேன், அதை இன்னும் முழுசாகக் காப்பாற்றலாம். நிழலில் நிறுத்தித் தலையை ஒருவர் பிடித்துக்கொள்ள, மூன்றாம் இமைக்கு அடியில் பாருங்கள். புல் முள்ளோ வைக்கோல் துணுக்கோ ஒட்டியிருந்தால் சுத்தமான உப்புக்கரைசலால், அதாவது ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீருக்கு ஒன்பது கிராம் உப்பு, கழுவி எடுத்துவிடுங்கள். முள்ளை எடுக்காமல் என்ன மருந்து போட்டாலும் வீண். நூல் மாதிரி வெள்ளைப் புழு நெளிந்தால் அது கண்புழு, அதற்கு வைத்தியமே வேறு. வெளுப்பு நடுவில் இல்லாமல் ஓரத்திலிருந்து ஆரம்பித்து, கூடவே காய்ச்சலும் மூக்கொழுகலும் இருந்தால் அதுவும் இந்த நோய் இல்லை, வைரஸாக இருக்கலாம். இரண்டு கண்ணும் ஒரே நாளில் வெளுத்து, மாடு தீவனம் எடுக்காமல் நின்றால் தள்ளிப்போடவே கூடாது.

நடுவில் புள்ளி, ஒற்றைக் கண், கண் கூசி இமையை மூடிக்கொள்வது, கன்னத்தில் ஈரக்கோடு, இதெல்லாம் சேர்ந்திருந்தால் மொராக்செல்லாதான் என்று வைத்துக்கொள்ளலாம். இதற்குச் சொட்டு மருந்தைவிட ஊசியே மேல். நீர் ஊற்றாக வடிகிற கண்ணில் சொட்டு விட்டால் சில நிமிடத்தில் கன்னத்தில் இறங்கிவிடும், ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை விட வேண்டும், ஒவ்வொரு தடவையும் கன்றோடு சண்டை. நீண்ட நேரம் வேலை செய்யும் ஆக்ஸிடெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்கை ஊசியாகப் போட்டால் கண்ணீர் வழியாகவே புண்ணுக்குப் போய்ச் சேரும். உடல் எடை கிலோவுக்கு 20 மில்லிகிராம், மில்லிக்கு 200 மில்லிகிராம் உள்ள மருந்தானால் பத்துக் கிலோவுக்கு ஒரு மில்லி, ஒரே இடத்தில் பத்து மில்லிக்கு மேல் வேண்டாம், 72 மணி நேரம் கழித்து இன்னொன்று. எடையைக் கண்ணால் குத்துமதிப்பாகப் போடாமல் மார்புச் சுற்றளவு அளந்து மருத்துவரிடம் சொல்லுங்கள், ஊசியை அவர் போடட்டும். வலி குறையவும் ஒரு மருந்து கேளுங்கள். கண் வலி வந்த கன்று மேய்ச்சலை விட்டுவிடும், எடை அங்கேதான் போகிறது. நாளைக்கே கறவை மாட்டுக்கு வந்து ஊசி போட்டால், எத்தனை நாள் பாலை விற்கக் கூடாது என்பதை அட்டையில் பார்த்து அத்தனை நாளும் கொட்டிவிடுங்கள்.

சரி, ஊசி போட்டாயிற்று. அதற்கப்புறம் பெரும்பாலானவர்கள் செய்யாமல் விடுகிற காரியம் ஒன்று இருக்கிறது. சொல்லிச் சொல்லி எனக்கு அலுக்கவில்லை, கேட்பவர்களுக்குத்தான் அலுத்திருக்கும். கண்ணை மூடி வையுங்கள். வெயிலின் புற ஊதாக் கதிர் இந்தப் புண்ணை மோசமாக்கும், தூசி மோசமாக்கும், ஈ மோசமாக்கும். மூன்றையும் ஒரே அடியில் தடுக்க ஒரு பழைய ஜீன்ஸ் பேண்ட் போதும். கால் பகுதியிலிருந்து ஒன்றரை உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, மூலைகளை வட்டமாக்கிக்கொள்ளுங்கள், கூர் மூலை இருந்தால் கம்பத்தில் தேய்த்தே கிழித்துவிடும். கண்ணைச் சுற்றி முடியைத் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். துணியின் ஓரத்தில், மேலேயும் இரண்டு பக்கமும், லாடம் மாதிரி பசை தடவுங்கள், கீழ்ப்பக்கம் மட்டும் தடவாதீர்கள். அந்தத் திறப்பு வழியாகத்தான் கண்ணீரும் பீளையும் இறங்கும், காற்றும் போகும். அதை அடைத்தால் உள்ளே புழுங்கிச் சீழ் பிடிக்கும். ஒட்டும்போது துணியை இறுக்கிப் பிடிக்காமல் நடுவில் கொஞ்சம் உப்பலாக விடுங்கள், இமைமுடி துணியில் உரசக் கூடாது. பசை முடியில்தான் பட வேண்டும், இமைக்கு இரண்டு விரல் தள்ளி. மாட்டுத் தோலுக்கென்றே விற்கிற ஒட்டுப் பசையை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். வீட்டில் பொம்மை ஒட்டுகிற உடனடிப் பசை கூடவே கூடாது, அது சூடாகித் தோலைச் சுடும். ஒட்டிய துணி ஒன்றிரண்டு வாரத்தில் தானாகவே தொங்க ஆரம்பிக்கும், அதற்குள் அநேகமாகப் புண் ஆறியிருக்கும். தினமும் கீழ்த் திறப்பு வழியாக எட்டிப் பாருங்கள். நாற்றம் வந்தாலோ சீழ் வடிந்தாலோ பிரித்துவிடுங்கள். இரண்டு கண்ணுக்கும் ஒரே நேரத்தில் ஒட்டாதீர்கள், கன்று தண்ணீர்த் தொட்டியைத் தேடி முட்டிக்கொண்டே இருக்கும். ஒட்டிய பக்கமாகப் போனால் குரல் கொடுத்துக்கொண்டே போங்கள், இல்லாவிட்டால் உதை உங்களுக்கு.

குழி விழுந்த உங்கள் மூத்த கன்றுக்கு மட்டும் மருத்துவர் பார்த்து ஒட்டலாம் என்று சொன்ன பிறகு ஒட்டுங்கள்.

பூ கரையுமா என்று கேட்டிருந்தீர்கள். மேலோட்டமான புண் ஆறினால் முதலில் நீலப் புகை மாதிரி இருக்கும், ரத்தக்குழாய்கள் பின்வாங்க வாரங்கள் ஆகும், கடைசியில் ஒரு சின்ன வெள்ளைத் தழும்பு மிஞ்சலாம், பார்வைக்குப் பெரிய குறை இருக்காது. ஆழமாகப் போன புண் பெரிய தழும்பு விடும், அதன் வழியாகப் பார்வை மங்கல்தான். உங்கள் மூத்த கன்று எந்தப் பக்கம் சாயும் என்று கண்ணைப் பார்க்காமல் சொல்ல மாட்டேன். ஆனால் தழும்பைக் கரைப்பேன் என்று விற்கிற எதையும் வாங்காதீர்கள். கண்ணில் உப்புத்தூள், சர்க்கரை, புகையிலைச் சாறு போடச் சொல்கிறவர்களையும் சேர்த்தே சொல்கிறேன். நீர் அதிகமாக வடிந்தால் அழுக்கு போகிறது என்பார்கள், எரிச்சலில்தான் வடிகிறது.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி: இரண்டாவது கன்றுக்கு எப்படிப் போனது? அந்த ஈரக்கோட்டைக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து கவனியுங்கள். ஆற்றின் இரு கரையில் மாடு தண்ணீர் குடிப்பது மாதிரி ஈக்கள் வரிசையாக உட்கார்ந்து குடிக்கும். முகத்தில் மொய்க்கும் ஈ ஒன்றின் காலில் இந்தக் கிருமி மூன்று நாள் வரை உயிரோடு இருக்கும், அதற்குள் அது எத்தனை கண்ணில் உட்காருமோ. ஈ வராத நேரத்தில் அந்த வேலையை நாம் செய்கிறோம். மூத்த கன்றின் கண்ணைத் துடைத்த துண்டு எங்கே? தோளில் கிடக்கிறதா? அதே துண்டால்தான் மற்றதையும் துடைத்தீர்களா? எழுதவில்லை, ஆனால் பத்தில் எட்டு இடத்தில் இதைத்தான் பார்க்கிறேன். ஒரு கண்ணுக்கு ஒரு பஞ்சு, துடைத்ததும் எரித்துவிடுங்கள். ஆரோக்கியமானவற்றை முதலில் பாருங்கள், நோயுற்றவை கடைசி, அப்புறம் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். அந்த இரண்டு கன்றுகளையும் தனியாகக் கட்டித் தீவனத் தொட்டியையும் பிரித்துவிடுங்கள், மூக்குச் சளியிலும் கிருமி இருக்கும். கண் தெளிந்த பிறகும் கிருமியைச் சுமக்கிற மாடுகள் உண்டு, அதனால் அடுத்த மூன்று வாரம் தினமும் காலையில் ஒன்பது முகத்தையும் பாருங்கள்.

ஈக்கு மருந்து வாங்கத் தோன்றும். வாங்குங்கள், ஆனால் முகத்தில் நேராக அடிக்காதீர்கள், புண் கண்ணில் பட்டால் இன்னொரு தலைவலி. சூடான நாட்களில் வீட்டு ஈ முட்டையிலிருந்து பறப்பதற்குப் பத்து நாள்கூட ஆகாது. சாணிக் குவியலைப் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை அள்ளுகிறீர்கள் என்றால் ஒவ்வொரு முறையும் ஒரு தலைமுறையை வளர்த்துத்தான் அனுப்புகிறீர்கள். வாரம் இரண்டு தடவை அள்ளி, தார்ப்பாய் போட்டு இறுக்கி மூடுங்கள், உள்ளே ஏறுகிற சூட்டில் புழு வெந்துவிடும். நீங்கள் மருந்துக்குச் செலவழிக்கிற பணத்தில் பாதியைத் தார்ப்பாய்க்குப் போடலாம். கதிர் விட்டு முற்றிய புல் தரையில் கன்றுகளை இப்போதைக்கு விடாதீர்கள், கண்ணைக் கீறுவதே அதுதான்.

தடுப்பூசி உண்டா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். சில நாடுகளில் இருக்கிறது. ஆனால் கிருமியில் வகைகள் பல, ஒரு வகைக்குப் போட்டது இன்னொன்றைத் தடுப்பதில்லை, நோய் வந்த பிறகு போட்டுப் பயனும் இல்லை. பக்கத்தில் ஆடு இருந்து அதற்கும் கண் வெளுத்தால் மாட்டிடமிருந்து வந்தது என்று நினைக்காதீர்கள், ஆட்டுக்குப் பெரும்பாலும் மைக்கோபிளாஸ்மாவோ கிளமிடியாவோதான் காரணம். மைக்கோபிளாஸ்மாவிடம் பெனிசிலின் எடுபடாது, அதையும் கடையில் யாராவது நீட்டுவார்கள்.

மருத்துவர் வரும்போது அந்தப் பாட்டிலை மறக்காமல் காட்டுங்கள். எத்தனை நாள், எத்தனை சொட்டு என்பதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள், அதை வைத்துத்தான் அவர் தையல் போடலாமா என்று முடிவு செய்வார்.