அணுவின் கடிகாரம் பிசகுமா?

கேள்வி: பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான தொலைவைப் பொறுத்துக் கதிரியக்கச் சிதைவின் (நிலையற்ற அணுக்கள் தாமாக வேறு அணுக்களாக மாறுவதன்) வேகம் மாறுவதாகப் படித்தேன். அப்படியானால் அச்சிதைவைக் கொண்டு பாறைகளுக்கும் எலும்புகளுக்கும் கணக்கிடப்படும் வயதை எப்படி நம்புவது?
— வாசகி ஒருவர், மன்னார்குடி

பதில்: 2008-இல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜென்கின்ஸ், ஃபிஷ்பாக் குழுவினர் முன்வைத்த கருத்து அது. சிலிக்கான்-32, ரேடியம்-226 ஆகிய கதிரியக்க அணுக்களை ஆண்டுக்கணக்கில் அளந்த பழைய பதிவுகளில், சிதைவுகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு ஏறி இறங்குவதை அவர்கள் கண்டனர். ஜனவரியில் 14.7 கோடி கி.மீ., ஜூலையில் 15.2 கோடி கி.மீ. என மாறும் சூரியத் தொலைவோடு அதைத் தொடர்புபடுத்தினர்.

ஆனால் பருவத்தோடு மாறுவது சூரியத் தொலைவு மட்டுமன்று. ஆய்வகத்தின் வெப்பமும் ஈரப்பதமும் மாறுகின்றன. சிதைவுகளை எண்ணும் கருவி அவற்றுக்கேற்பச் சற்றுக் கூட்டியோ குறைத்தோ எண்ணிவிடும். சூரியனிடமிருந்து வெகுதூரம் விலகிச் சென்ற காசினி விண்கலத்தில் புளூட்டோனியம்-238 சிதைந்து தந்த மின்சாரத்தின் அளவை ஆராய்ந்தபோது, அத்தகைய மாற்றம் தென்படவில்லை. உலகின் பல ஆய்வகங்கள் சேர்ந்து 2016-இல் வெளியிட்ட அளவீடுகளும் அதையே உறுதி செய்தன. அந்த ஏற்ற இறக்கம் உண்மையாகவே இருந்திருந்தாலும், ஓராண்டுக்குள் ஏறியதும் இறங்கியதும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுமாதலால் கோடி ஆண்டுக் கணக்கில் அதன் சுவடே தெரியாது.

அதற்காக, சிதைவின் வேகம் எந்நிலையிலும் மாறாது என்று சொல்லிவிடவும் கூடாது. ரீனியம்-187 என்னும் உலோக அணுவின் அரை ஆயுட்காலம், அதாவது அவ்வணுக்களில் பாதி சிதைய ஆகும் காலம், இயல்பான நிலையில் ஏறக்குறைய 4,200 கோடி ஆண்டுகள். அதன் 75 எலெக்ட்ரான்களையும் உரித்தெடுத்து, வெறும் அணுக்கருவாக ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் உள்ள ஆய்வகத்தின் வளையக் குழாயில் சுற்றவிட்டபோது, அந்த அரை ஆயுட்காலம் வெறும் 33 ஆண்டுகளாகச் சுருங்கியது! சிதைவின்போது அணுக்கருவிலிருந்து பிறக்கும் எலெக்ட்ரானுக்கு உள்வட்டத்தில் காலியிடம் கிடைத்துவிடுவதே காரணம். விண்மீன்களின் உட்பகுதியில் இது நேரலாம். நம் காலடியிலுள்ள பாறையில், அது உருகிக் குழம்பான நிலையிலும்கூட, அணுக்கள் இவ்வாறு முற்றிலும் உரிக்கப்படுவதில்லை.

எலும்பு, கரி போன்றவற்றின் வயதில் உண்மையாகத் திருத்த வேண்டியது வேறொன்று. அவற்றின் வயதைக் கணிக்க உதவும் கதிரியக்கக் கார்பனான கார்பன்-14 சிதையும் வேகம் மாறவில்லை. காற்றில் அது இருந்த அளவுதான் காலந்தோறும் மாறியிருக்கிறது. மரங்களின் ஆண்டு வளையங்களை ஒவ்வொன்றாக எண்ணி, அவற்றிலுள்ள கார்பனை அளந்து அந்த மாற்றத்தைக் கண்டறிகின்றனர். திருத்தாத கணக்கில் 10,000 ஆண்டு என்று வரும் அடுப்புக்கரியின் உண்மையான வயது, இத்திருத்தத்துக்குப் பின் ஏறக்குறைய 11,500 ஆண்டு என்றாகிறது.