பெர்சியட் எரிகல் பொழிவு: மலையிலிருந்து பார்க்கவும் படமெடுக்கவும் (கேள்வி பதில்)

கேள்வி: மணிக்கு நூறு எரிகல் விழும்னு சொல்றாங்களே, உண்மையா சார்? எத்தனை மணிக்கு உட்காரணும்?

பதில்: நூறு என்பது ஏட்டுக்கணக்கு. கும்மிருட்டு வானம், பொழிவு மையம் (எரிகற்கள் கிளம்புவது போலத் தோன்றும் வானப் புள்ளி) நேர் உச்சியில் என்று வைத்துக்கொண்டு போட்டது. மையம் 30 டிகிரி உயரத்தில் இருந்தால் பாதிதான். பெர்சியட் மையம் காசியோப்பியா விண்மீன் கூட்டத்தை ஒட்டி வடகிழக்கில் எழுந்து, விடியும் நேரத்தில்தான் நன்றாக மேலே வரும். எனவே ஆகஸ்ட் 13 அதிகாலை 2 மணி முதல் கிழக்கு வெளுக்கும்வரை பாருங்கள். முன்னிரவில் தூங்கிவிடலாம், நஷ்டமில்லை. 2026-இல் 12-ஆம் தேதியே அமாவாசை என்பதால் நிலாத் தொல்லை கிடையாது.

கேள்வி: எவ்வளவு உயரம் ஏறணும் அண்ணா?

பதில்: தூசுப் படலத்தையும் ஊர் வெளிச்சத்தையும் தாண்டினால் போதும். 3000 மீட்டருக்கு மேல் ஆக்சிஜன் குறைந்து இருட்டில் கண்பார்வையே மங்கும். பள்ளத்தாக்கின் அடியில் குளிர்காற்று தேங்கிப் பனி கொட்டும். முகட்டில் காற்று டிரைபாடை ஆட்டும். நடுச்சரிவில், வடகிழக்கு திறந்த இடம் பாருங்கள். கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் ஆகும். அதற்குள் ஒருமுறை போனைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து.

கேள்வி: 30 வினாடி எக்ஸ்போஷர் (ஷட்டர் திறந்திருக்கும் நேரம்) வச்சேன். நட்சத்திரம் கொட்டிக் கிடக்கு, கண்ணால பார்த்த எரிகல் மட்டும் படத்துல இல்ல. ஏன்?

பதில்: பலரும் வழுக்குவது இங்கேதான். நட்சத்திரம் ஒரே இடத்தில் நிற்பதால் நேரம் கூடக்கூட வெளிச்சம் சேரும். எரிகல் வினாடிக்கு 59 கி.மீ. வேகத்தில் வருகிறது, ஒரு பிக்சல் மேல் அது இருப்பது ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடி. 5 வினாடி வைத்தாலும் 30 வைத்தாலும் கோட்டின் பிரகாசம் ஒன்றே. பின்னணி வானம்தான் வெளுத்துக் கோட்டை விழுங்கும். கணக்கில் வருவது லென்ஸ் துளையின் விட்டமும் ஐஎஸ்ஓவும் (கேமராவின் ஒளியுணர்திறன் அளவு). 24 மி.மீ. எஃப் 1.4 லென்ஸின் துளை (24-ஐ 1.4-ஆல் வகுத்தால்) 17 மி.மீ.; 14 மி.மீ. எஃப் 2.8-க்கு 5 மி.மீ.தான். பின்னது கூடுதல் வானத்தைப் பிடித்தாலும் மங்கலான எரிகற்களைத் தவறவிடும். 20–24 மி.மீ., முழுத் துளை, ஐஎஸ்ஓ 3200, 15 வினாடி, ரா ஃபைல் (கேமரா மாற்றாத மூலக்கோப்பு) என்று தொடங்குங்கள். கேமராவை மையத்துக்கு நேராக வைக்காதீர்கள், அங்கே கோடு குட்டையாக விழும். 40–60 டிகிரி தள்ளி வையுங்கள்.

கேள்வி: படத்துக்குப் படம் இன்டர்வல் 15 வினாடின்னு வச்சா ஒரு படம் விட்டு ஒரு படம் எடுக்குது!

பதில்: கேமராவில் எக்ஸ்போஷர் 15 என்று காட்டுவது உண்மையில் 16 வினாடி. ஷட்டர் மூடுவதற்குள் அடுத்த முறை வந்துவிடுவதால் அதைத் தாண்டிப் போகிறது. இன்டர்வலை விட்டுவிட்டு, தொடர் படப்பிடிப்பில் போட்டு ரிமோட் கேபிள் பொத்தானைப் பூட்டிவிடுங்கள். படத்தில் பொரியும் புள்ளிகளைக் குறைக்கும் லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷனை அணைக்க மறந்தால் இரவில் பாதி வீண்: ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் அதே அளவு நேரம் கேமரா சும்மா இருக்கும். மணிக்கு 220 படம் வரை சேரும். கார்டு, பேட்டரி அதற்கேற்ப.

கேள்வி: ரெண்டு மணிக்கு மேல எல்லாப் படமும் மங்கல்.

பதில்: லென்ஸ் முன்கண்ணாடியில் பக்கவாட்டாக டார்ச் அடியுங்கள். பனி படிந்திருந்தால் துடைத்துப் பயனில்லை, நிமிடத்தில் திரும்பப் படியும். சூடேற்றும் பட்டையைத் தொடக்கத்திலேயே லென்ஸைச் சுற்றிக் கட்டியிருக்க வேண்டும். பனி இல்லையென்றால் ஃபோகஸ் நகர்ந்திருக்கிறது. லைவ் வியூவில் பிரகாசமான நட்சத்திரம் ஒன்றை 10 மடங்கு பெரிதாக்கி, புள்ளி மிகச் சிறிதாகும் இடத்தில் நிறுத்தி, வளையத்தில் டேப் ஒட்டுங்கள். குளிர் ஏறியதும் மறுபடி சரிபாருங்கள். லென்ஸில் உள்ள முடிவிலிக் குறியை நம்ப வேண்டாம்.

கேள்வி: விழுந்தது எரிகல்லா, சாட்டிலைட்டான்னு எப்படித் தெரியும்?

பதில்: முன்பின் படங்களைப் பாருங்கள். கோடு தொடர்ந்தால் சாட்டிலைட் அல்லது விமானம். எரிகல் பெரும்பாலும் ஒரே படத்தில் முடிந்துவிடும். இரு முனையும் கூர்ந்து, தொடக்கத்தில் பச்சை தெரியும். அந்தப் பச்சை காற்றிலுள்ள ஆக்சிஜன் தருவது. கோட்டைப் பின்னோக்கி நீட்டும்போது மையத்தில் சேராவிட்டால், அது எரிகல்தான், ஆனால் பெர்சியட் அல்ல.