மண்ணா, நெருப்பா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

நான் இந்து. மகளின் தேர்வுக்காகச் சனிக்கிழமைகளில் நொவீனா ஆலயத்துக்குப் போகிறேன். எங்களைப் போன்றவர்கள் வரலாமா? அப்பம் கொடுக்கும் வரிசையில் நிற்கலாமா?
வாசகி, ஈசூன்

தாராளமாகப் போங்கள். அதன் உண்மையான பெயர் புனித அல்போன்சு ஆலயம். கத்தோலிக்க ஆலயம். சனிக்கிழமை தோறும் அங்கே அன்னை மரியாவிடம் வேண்டும் இடைவிடா சகாய மாதா நவநாள் வழிபாடு நடக்கும். நவநாளுக்கு ஆங்கிலத்தில் நொவீனா என்று பெயர், அதனால்தான் ஊரே அதை அப்படி அழைக்கிறது. எம்ஆர்டி நிலையத்துக்கும் அந்தப் பெயரே வந்துவிட்டது. உங்களைப் போல வேற்றுச் சமயத்தார் பலர் அங்கே வருகிறார்கள். மகளுக்கான வேண்டுதலைக் கடிதமாகவும் எழுதிப் போடலாம். அப்படி வரும் வேண்டுதல்களிலும் நன்றிக் கடிதங்களிலும் சிலவற்றை நவநாளில் வாசிப்பார்கள்.

அப்பம் வாங்குவது வேறு விஷயம். திருப்பலி வழிபாட்டில் தரும் அந்த அப்பத்தை, அதாவது நற்கருணையை, கிறிஸ்துவின் உடல் என்றே கத்தோலிக்கர்களாகிய நாங்கள் நம்புகிறோம். குரு அதை நீட்டும்போது நாங்கள் சொல்லும் 'ஆமென்' அந்த நம்பிக்கைக்கான சம்மதம். அதனால் வாங்க வேண்டாம். ஆசி மட்டும் வேண்டுமானால், இரண்டு கைகளையும் மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு வரிசையில் வாருங்கள், பெரும்பாலும் குருவே புரிந்துகொள்வார். இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தாலும் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

அப்பாவுக்கு 84 வயது. "என்னை எரிச்சுடாதீங்கப்பா, அப்புறம் எப்படி உயிர்த்தெழுவேன்?" என்று அடிக்கடி கேட்கிறார். இங்கே புதைத்தாலும் 15 ஆண்டுதான் என்கிறார்கள். அவருக்கு என்ன பதில் சொல்வது?
வாசகர், தெம்பனிஸ்

முதலில், அந்தப் பயத்தை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடாதீர்கள். கத்தோலிக்கத் திருச்சபை தகனத்தைத் தடை செய்திருந்த காலத்தில் வளர்ந்தவர் அவர். 1963இல்தான் அந்தத் தடை நீங்கியது. சிறு வயதில் கோயிலில் கேட்டதை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

அவரிடம் பொலிக்கார்ப்பைப் பற்றிச் சொல்லுங்கள். இரண்டாம் நூற்றாண்டில் ஸ்மிர்னா நகரின் ஆயர், வேதசாட்சியாக இறந்தவர். அவர் உடலை எரித்துவிட்டார்கள். மிஞ்சிய எலும்புகளை அங்கிருந்த கிறிஸ்தவர்கள் எடுத்து, விலையுயர்ந்த கற்களைவிட மேலாகப் போற்றி வைத்தார்கள். நெருப்பு அவருடைய உயிர்த்தெழுதலைத் தடுத்துவிடும் என்று அவர்கள் அஞ்சியதாகத் தெரியவில்லை. நம்மை மண்ணிலிருந்து உண்டாக்கியவருக்குச் சாம்பலிலிருந்து எழுப்புவதா கடினம்? கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 15ஆம் அதிகாரத்தை அப்பாவோடு உட்கார்ந்து வாசியுங்கள். விதைக்கிற விதையும் முளைத்து வரும் பயிரும் ஒரே உருவத்தில் இருப்பதில்லை என்று பவுல் அங்கே சொல்கிறார்.

மண்டாய் தகனச்சாலைக்குப் பல குடும்பங்களோடு போய் நின்றிருக்கிறேன். கண்ணாடிக்கு அப்பால் பெட்டி நகர்ந்து போகும் அந்த நேரம் கொடியது, அதை மறைத்துப் பேச மாட்டேன். ஆனால் பிறகு பிள்ளைகள் வந்து எலும்புத் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கலசத்தில் வைக்கும்போது, அந்த விரல்களில் இருக்கும் மரியாதையைப் பார்க்க வேண்டும். ஸ்மிர்னாக்காரர்கள் செய்ததும் இதைத்தான்.

அடக்கம் செய்வதைத்தான் திருச்சபை இன்றும் விரும்புகிறது. ஆகவே அப்பாவுக்கு மண்ணில்தான் நிம்மதி என்றால் சுவா சூ காங் கல்லறையில் அடக்கம் செய்யுங்கள். 1998 முதல் அங்கே 15 ஆண்டு வரம்பு உண்டு. அதன்பின் தோண்டியெடுத்துத் தகனம் செய்து, அஸ்தியை மாடத்தில் வைக்கலாம். இதையும் இப்போதே அவரிடம் சொல்லிவிடுங்கள். தெரிந்தே அவர் முடிவெடுக்கட்டும்.

தகனம் என்றால் ஒரு விஷயம்: அஸ்தியைக் கடலில் கரைப்பதையோ வீட்டு அலமாரியில் வைப்பதையோ திருச்சபை ஏற்பதில்லை, 2016இல் ரோம் அதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. புக்கிட் பாத்தோக் செயிண்ட் மேரி ஆஃப் தி ஏஞ்சல்ஸ் ஆலயத்தில் இருப்பது போன்ற அஸ்தி மாடத்தில் வையுங்கள். நவம்பர் 2, கல்லறைத் திருநாளில், பேரப்பிள்ளைகள் பூவோடு போக ஓர் இடம் வேண்டும்.

ஈஸ்டர் ஏன் ஆண்டுக்கு ஆண்டு தேதி மாறுகிறது?
மாணவர், ஜூரோங்

மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமியை அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர். அந்தப் பௌர்ணமியைத் திருச்சபை அட்டவணை வைத்துக் கணக்கிடுகிறது. அதனால் மார்ச் 22இலிருந்து ஏப்ரல் 25 வரை எந்த ஞாயிறிலும் வரலாம். 2025இல் ஏப்ரல் 20, 2026இல் ஏப்ரல் 5. உங்களுக்குப் பள்ளி விடுமுறை கிடைக்கும் பெரிய வெள்ளியும் அதோடு சேர்ந்தே நகரும்.

மருமகள் குழந்தையாக இருந்தபோதே மெதடிஸ்ட் சபையில் ஞானஸ்நானம் பெற்றவள். இப்போது கத்தோலிக்கத் திருச்சபையில் சேர அவளே விரும்புகிறாள். மறுபடியும் திருமுழுக்குக் கொடுப்பார்களா?
வாசகி, உட்லண்ட்ஸ்

கொடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் கூடாது. தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் தண்ணீரால் கொடுத்த திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நானம், ஒருமுறைதான். மெதடிஸ்ட் சபையில் பெற்றதும் அதே திருமுழுக்குதான். நாங்கள் மதிக்கிறோம். தயாரிப்பு வகுப்புகளுக்குப் பிறகு விசுவாச அறிக்கை சொல்லி, உறுதிப்பூசுதலும் நற்கருணையும் பெறுவாள்.

சான்றிதழ் மட்டும் அவசியம். அது தொலைந்திருந்தால், ஞானஸ்நானம் கொடுத்த சபையின் அலுவலகத்தில் கேளுங்கள். அவளுடைய முழுப் பெயர், பெற்றோர் பெயர், ஏறக்குறைய எந்த ஆண்டு என்ற விவரங்களோடு போனால் பதிவேட்டில் தேடுவது சுலபம். அதற்கு முன்பாகவே சம்பந்தியிடம் மருமகளே பேசிவிடட்டும். மகளைக் கையில் ஏந்திப் போய் ஞானஸ்நானம் வாங்கியவர்கள் அவர்கள். அது செல்லாமல் போகவில்லை என்று அவள் வாயால் கேட்பது அவர்களுக்கு முக்கியம்.