வாங்கும் முன் கேள்வி-பதில்: மோரோ வாள்கள்

தென் பிலிப்பைன்ஸில் மிண்டனாவோ, சூலு பகுதிகளில் வாழும் முஸ்லிம் மக்கள் மோரோக்கள். அவர்களுடைய வாள்களைப் பற்றி வந்த கடிதங்களைச் சுருக்கித் தருகிறேன்.

கே: தாவாவோவில் ஒரு கிரிஸ் வாள் பார்த்தேன், நெளிநெளியான அலகு. 1800-களில் செய்தது என்கிறார் கடைக்காரர். எதை வைத்து நம்புவது? – வாசகர், சிங்கப்பூர்

ப: நெளிவை எண்ணிக்கொண்டு நிற்காதீர்கள். நேரான அலகுள்ள பழைய கிரிஸும் நிறைய உண்டு. அலகு கைப்பிடியைச் சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே அது ஒரு பக்கமாக அகன்று, யானைத் தும்பிக்கை போன்ற வெட்டுடன் இருக்கும். 19-ஆம் நூற்றாண்டு வாள்களில் அந்தப் பாகம் பெரும்பாலும் தனித்துண்டு. காங்யா என்பார்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் இரண்டு துண்டு சேரும் கோடு ஒரு பக்கத்திலிருந்து விளிம்பைத் தாண்டி மறுபக்கமும் போவது தெரியும். 20-ஆம் நூற்றாண்டில் பல வாள்களை ஒரே துண்டாக அடித்து, கோட்டை மட்டும் மேலே கீறினார்கள். கீறிய கோடு இருப்பதாலேயே அது போலி ஆகாது. ஆனால் 1800-கள் என்ற பேச்சை அதோடு விட்டுவிடலாம்.

அப்புறம் கனம். பழைய அலகு அடியில் தடித்திருக்கும், நுனிக்குப் போகப் போக மெலியும். சுற்றுலாக் கடைச் சரக்கு தகட்டில் வெட்டி எடுத்தது, அடி முதல் நுனி வரை ஒரே தடிமன். அலகைக் கைப்பிடியோடு பிடித்து நிறுத்தும் அசாங்-அசாங் என்ற உலோகப் பட்டை உண்மையிலேயே பிடித்திருக்கிறதா, அலங்காரத்துக்கு ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கே: கேடயம் போன்ற பலகையில் சின்னச் சின்ன மோரோ வாள்கள் பொருத்தியிருக்கிறது. பழம்பொருளா?

ப: நினைவுப் பரிசு. சுவரில் மாட்டுங்கள்.

கே: 1906 புட் டாஜோ சண்டையில் அமெரிக்கச் சிப்பாய் எடுத்து வந்த பாரோங் (இலை வடிவ அலகுள்ள மோரோ வாள்) என்று இணையத்தில் ஒருவர் விற்றார். அலகில் ரத்தக்கறைகூட இருக்கிறது. பணம் கட்டிவிட்டேன். ஒரு படம்தான் அனுப்பினார். சரியாகத்தான் வாங்கியிருக்கிறேனா?

ப: ஒரே படத்தைப் பார்த்துப் பணம் கட்டிவிட்டு இப்போது கேட்கிறீர்கள். காய்கறிக்காரரிடம்கூட நாம் கத்தரிக்காயைத் திருப்பிப் பார்த்துத்தானே வாங்குகிறோம்? அலகின் முதுகையும் கைப்பிடி சேரும் இடத்தையும் உறையின் உட்புறத்தையும் காட்டும் படங்களை இன்றே கேளுங்கள்.

இந்த ‘போரில் எடுத்தது’ கதையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஹோலோ தீவில் உள்ள எரிமலையான புட் டாஜோவின் வாயில் 1906 மார்ச்சில் பெண்கள், குழந்தைகள் உட்பட நூற்றுக்கணக்கான மோரோக்கள் கொல்லப்பட்டார்கள். அதைச் சொல்லி விலை ஏற்றுவது எனக்கு வயிற்றெரிச்சல். அமெரிக்கச் சிப்பாய்கள் வாள்களை ஊருக்குக் கொண்டுபோனது உண்மைதான். ஆனால் உண்மையில் அப்படி வந்த வாளுக்கு அந்தச் சிப்பாயின் பெயரும் படைப்பிரிவும் கடிதமோ பழைய புகைப்படமோ துணைக்கு இருக்க வேண்டும். வாய்வார்த்தைக்குக் காசு கொடுக்கக் கூடாது. கறை ரத்தமா துருவா என்று கண்ணால் சொல்ல முடியாது, அமிலம் தடவினால் ஒரே ராத்திரியில் புது அலகும் கறுத்துவிடும். இதில் ஏமாறுவது வாங்குபவர் மட்டுமல்ல. லனாவோவின் துகாயா போன்ற ஊர்களில் கைவேலைக்காரர்கள் இன்றும் உலோகத்தோடு மல்லுக்கட்டுகிறார்கள். புது வாளைப் புது வாளாக விற்றால் அது நேர்மையான சரக்கு, அதைச் செய்தவருக்கும் பெயர் கிடைக்கும். பொய் வயது ஒட்டிய அன்றே அவர் பெயர் காணாமல் போகிறது.

கே: என் பாரோங் ஜீப்பின் ஸ்பிரிங் பட்டையில் அடித்தது என்று நண்பர் கேலி செய்கிறார். ஏமாந்துவிட்டேனா?

ப: பழையது என்று சொல்லி விற்றிருந்தால்தான் ஏமாற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கே கொல்லர்கள் அந்த எஃகை நிறையப் பயன்படுத்தினார்கள். நல்ல எஃகு. முதுகு தடித்து, இலை வடிவம் சரியாக இருந்தால் சந்தோஷமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கே: மணிலாவில் செவிலியராக இருக்கிறேன். அப்பாவின் அறுபதாவது பிறந்தநாளுக்குச் சேமித்த பணத்தில் ‘நூற்றாண்டு பழைய கம்பிலான்’ என்ற நீண்ட மோரோ வாளை வாங்கினேன். விவரம் தெரிந்தவர் புதியது என்றார். கடைக்காரர் பணம் தர மறுக்கிறார்.

ப: உங்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை, அம்மா. எனக்கும் ஒரு கடையில் இதே கம்பிலானை விற்றார்கள். கைப்பிடியில் தொங்கிய முடிக்கொத்து நைலான். பிலிப்பைன்ஸின் 1992-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டம் பொய் சொல்லி விற்பதைத் தடுக்கிறது. ரசீதையும் ‘நூற்றாண்டு’ என்று எழுதிய சீட்டையும் அவர் அனுப்பிய செய்திகளையும் எடுத்துக்கொண்டு வணிக, தொழில் துறை அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். வாளைத் தேய்க்கவோ பளபளப்பாக்கவோ வேண்டாம். அதுதான் உங்கள் சாட்சி.

கே: உண்மையான பழைய வாளை ஊருக்குக் கொண்டு வரலாமா? கைப்பிடி தந்தம்.

ப: தந்தம் என்றால் விட்டுவிடுங்கள், எல்லையில் பறிபோகும். மற்றபடி பழம்பொருளை வெளியே கொண்டுபோக அந்த நாட்டின் தேசிய அருங்காட்சியகத்தில் அனுமதி வாங்க வேண்டும். அந்தக் காகிதத்தை வாங்கித் தரச் சொல்லி விற்பவரிடம் கேளுங்கள். இருநூறு வருட வாள் என்றவர் ‘இதற்கெல்லாம் அனுமதி எதற்கு, புதுசுதானே’ என்று சொன்னால், புதுசுக்குரிய விலையைப் பேசுங்கள்.