அடிபம்புத் தண்ணீரில் வானவில் ஆடை

கேள்வி: எங்கள் ஊர் திருவாரூர் பக்கம். எண்ணெய்க் கிணறு வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அடிபம்பில் அடித்து வைத்த தண்ணீரில், காலையில் பார்த்தால் வானவில் நிறத்தில் ஆடை படிந்திருக்கிறது. சின்னவனுக்கு நாலு மாதம். தாய்ப்பால் போதாமல் இந்தத் தண்ணீரைக் காய்ச்சித்தான் பவுடர் பால் கரைக்கிறேன். "காலங்காலமா இதைத்தான் குடிக்கிறோம், எவன் செத்தான்?" என்கிறார் மாமியார். ஊருக்கு வந்த அதிகாரியும் பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். நான்தான் வீணாகப் பயப்படுகிறேனா, அக்கா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முதலில் அந்த ஆடையைக் கவனிப்போம். ஒரு ஈர்க்குச்சியால் குறுக்கே கோடு இழுங்கள். சில்லு சில்லாக உடைந்து, உடைந்தபடியே விலகி நின்றால் பெரும்பாலும் இரும்புச் சத்தில் வளரும் பாக்டீரியாவின் வேலை. கோடு மூடி, சுழன்று மறுபடி ஒட்டிக்கொண்டால் எண்ணெயோ என்று சந்தேகப்படலாம். தண்ணீர் ஆய்வகத்தில் நான் வேலை பார்த்த காலத்தில், 'எண்ணெய் கலந்திருக்கு' என்று நம்ம பக்கத்திலிருந்து வந்த பாட்டில்களில் முதல் வகையைத்தான் அதிகம் பார்த்தேன். குடத்தின் அடியில் செம்பழுப்பு வண்டல், வெள்ளை வேட்டியில் மஞ்சள் கறை, கறுத்துப்போகும் டீ எல்லாம் இரும்பின் கைவரிசை. பார்க்கத்தான் அருவருப்பு.

உங்கள் கடிதத்தில் என்னைத் திடுக்கிட வைத்தது அந்தப் பவுடர் பால். வயலுக்குப் போடும் யூரியா, மாட்டுக்கொட்டகை, கக்கூஸ் குழி இவற்றிலிருந்து இறங்கும் நைட்ரேட்டுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. மிகுந்தால், ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளையின் ரத்தம் ஆக்சிஜனைச் சரியாகச் சுமக்காமல் உதடும் நகமும் நீலம் பாரிக்கும். காய்ச்சினால் கிருமி சாகும். நைட்ரேட்டோ தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் அடர்த்தியாகும். ஆகவே சோதனை முடியும்வரை பிள்ளைக்கு மட்டுமாவது வேறு தண்ணீர். தெருக்குழாயில் கொள்ளிடம் கூட்டுக் குடிநீர் வந்தால் அதைக் காய்ச்சிக் கொடுங்கள்.

மாமியார் சொல்வதில் ஒரு சிக்கல்: செத்தவன் சாட்சி சொல்ல வருவதில்லை. ஆனாலும் அவரை நான் குறை சொல்லமாட்டேன். தன் வீட்டு அடிபம்பை யாருக்குத்தான் சந்தேகப்பட மனசு வரும்? மனிதர்கள் ஆபத்தைச் சாவுக் கணக்கு வைத்து மட்டும் அளப்பதில்லை என்று அமெரிக்க உளவியலாளர் பால் ஸ்லோவிக் 1987-இல் 'சயன்ஸ்' இதழில் எழுதினார். நாமாக ஏற்றுக்கொண்டது, பழகியது என்றால் சின்னதாகத் தெரியும். வாயில் புகையிலையை அடக்கிக்கொண்டு செல்போன் டவரைத் திட்டும் பெரியவர்கள் எந்த ஊரில் இல்லை! நம்மைக் கேட்காமல் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தது, உள்ளே என்ன நடக்கிறதென்றே தெரியாதது என்றால் பயம் பல மடங்காகும். இதை அறியாமை என்று அதிகாரிகள் நினைத்துக்கொள்கிறார்கள். 2017 ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் குழாய் உடைந்து வயலில் எண்ணெய் பரவியதை டெல்டாவே பார்த்தது. அதற்குப் பிறகு வெறும் வாய்வார்த்தையில் 'பயப்படாதே' என்றால் யார் நம்புவார்கள்? டெல்டாவைப் பாதுகாக்க 2020-இல் வந்த வேளாண் மண்டலச் சட்டம்கூடப் புது எண்ணெய்க் கிணறுகளைத்தான் தடுக்கிறது. ஏற்கெனவே ஓடுகிற கிணறு ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

அதனால் சோதித்துவிடுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டினால் உப்பு, இரும்பு, நைட்ரேட் எல்லாம் பார்த்துத் தருவார்கள். வழக்கமான அந்தப் பட்டியலில் எண்ணெய்ப் பொருள்கள் வராது. 'குடிக்க ஏற்றது' என்று தாளில் இருந்தால் சோதித்த வரைக்கும் சரி என்று மட்டுமே அர்த்தம். குச்சிச் சோதனையில் சந்தேகம் வந்தால், என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்குத் தரச்சான்று தரும் தேசிய வாரியம்) அங்கீகாரம் உள்ள ஆய்வகத்தில், எண்ணெயில் இருக்கும் பொருள்களான 'பென்சீன், பெட்ரோலிய ஹைட்ரோகார்பன்' என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். கூல்டிரிங்ஸ் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். ஆய்வகமே கண்ணாடிக் குப்பி தரும். கொஞ்ச நேரம் அடித்துவிட்டு, காற்றுக் குமிழ் இல்லாமல் விளிம்புவரை நிரப்பி, ஐஸில் வைத்து அன்றைக்கே சேர்த்துவிட வேண்டும். இல்லையென்றால் பென்சீன் ஆவியாகி ஓடிவிடும்.